இன்டர்நெட்டுக்கு வழி சொல்லும் வரிக்குதிரை

வீட்டில் இன்டர்நெட் இணைப்பு வாங்கும்போது கூடவே ஒரு சிறிய பெட்டியும் வருகிறது. அதைச் சிலர் மோடம் என்கிறார்கள், சிலர் வைபை என்கிறார்கள், சிலர் ரவுட்டர் என்கிறார்கள். இணைப்பு நின்றுபோனால் அதை ஒருமுறை அணைத்துப் போடுவோம். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

அந்தப் பெட்டிக்கு அண்ணன்மார்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறந்தால், அங்கிருந்து வரும் தகவல் பல ரவுட்டர்களைக் கடந்துதான் உங்கள் திரைக்கு வந்து சேர்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவை எப்படி முடிவு செய்கின்றன? அந்த முடிவை எடுக்கும் சாப்ட்வேரை யார் எழுதுகிறார்கள்? இந்த வகை சாப்ட்வேரில் மிக நல்ல சில, காசு கொடுக்காமலேயே, உள்ளே எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கும் உரிமையோடு கிடைக்கின்றன. எனக்கு முதல் வேலை கிடைக்கக் காரணமே அப்படி ஒரு சாப்ட்வேர்தான். அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன சோதனை

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து, சி.எம்.டி. என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிறத்தில் ஒரு விண்டோ கிடைக்கும். அதில் டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்ற ஏழு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக டைப் செய்யுங்கள். ஒரு இடைவெளி விட்டு, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு இணையதளத்தின் முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள்.

வரி வரியாக எண்கள் வரத் தொடங்கும். ஒவ்வொரு வரியும் வழியில் உள்ள ஒரு ரவுட்டர். முதல் வரியில் இருப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பெட்டி. 192.168 என்று தொடங்கும் எண்ணாக இருக்கலாம். அடுத்து வருபவை உங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் ரவுட்டர்கள். அதற்குப் பிறகு வேறு நிறுவனங்களின் ரவுட்டர்கள். சில வரிகளில் வெறும் நட்சத்திரக் குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முழு வழியும் எந்த ரவுட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் டைம் கீப்பரைப் போல, "அந்த ஊருக்கா? இந்தப் பஸ்ஸில் ஏறி திருச்சியில் இறங்கிக் கேளுங்கள்" என்று அடுத்த படியை மட்டும் சொன்னால் போதும். இதற்காக ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று எழுதிய பட்டியல் அது. இதை ரவுட்டிங் டேபிள் என்பார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அதே கறுப்பு விண்டோவில் ரூட், பிரின்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விட்டு டைப் செய்து பாருங்கள். 0.0.0.0 என்று ஒரு வரி இருக்கும். "எனக்குத் தெரியாத எந்த முகவரியாக இருந்தாலும் இந்தப் பெட்டியிடம் கொடுத்துவிடு" என்பது அதன் பொருள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது போதும். பெரிய ரவுட்டர்களுக்குப் போதாது. இன்டர்நெட்டின் நடுவில் இருக்கும் ரவுட்டர்களின் பட்டியலில் உள்ள வரிகள் 9 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

பட்டியலை யார் எழுதுவது?

நான்கு ரவுட்டர்கள்தான் என்றால் ஒருவர் உட்கார்ந்து கையாலேயே டைப் செய்துவிடலாம். நாற்பது என்றால் கஷ்டம். அதிலும் இரவு இரண்டு மணிக்குச் சாலை தோண்டுபவர்கள் கேபிளை வெட்டிவிட்டால், அந்த நேரத்தில் பட்டியலை மாற்றி எழுத யார் இருக்கிறார்கள்? ஆகவே ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பட்டியலைத் தாங்களே எழுதிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அப்படிப் பேசுவதற்கான விதிமுறைகளுக்கு ரவுட்டிங் புரோட்டோகால் என்று பெயர். முக்கியமான மூன்றை மட்டும் தெரிந்துகொள்வோம்.

ரிப் என்பது பழையது, எளியது. வழியில் எத்தனை ரவுட்டர் என்று எண்ணும். எண்ணிக்கை குறைவான வழியே நல்ல வழி என்று எடுத்துக்கொள்ளும். 15க்கு மேல் எண்ணத் தெரியாது. 16 என்றால் "அங்கே போகவே முடியாது" என்று சொல்லிவிடும்.

ஓ.எஸ்.பி.எப். இன்னும் புத்திசாலி. இதில் ஒவ்வொரு ரவுட்டரும் மொத்த நெட்வொர்க்கின் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொள்ளும். எந்த இணைப்பு வேகமானது, எது மெதுவானது என்பதையும் பார்த்து, செலவு குறைந்த வழியைக் கணக்கிடும். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த டைக்ஸ்ட்ரா என்ற கணித அறிஞர் 1959ல் வெளியிட்ட முறையில்தான் இந்தக் கணக்கு நடக்கிறது. பக்கத்து ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை "ஹலோ" சொல்லிக்கொள்ளும். 40 விநாடி பதில் இல்லாவிட்டால் அந்த வழி செத்துவிட்டது என்று முடிவு செய்து வேறு வழி தேடும்.

இந்த இரண்டும் ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் வேலை செய்பவை. ஒரு நிறுவனத்துக்கும் இன்னொரு நிறுவனத்துக்கும் இடையே பேசுவது பி.ஜி.பி. 1989ல் கிர்க் லாகீட், யாகோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள் இதன் முதல் வடிவத்தைச் சாப்பாட்டு மேசையில் இருந்த பேப்பர் நாப்கின்களில் எழுதினார்கள். அதன் நான்காவது பதிப்பு 1994ல் வந்தது. இன்டர்நெட் இன்று வரை அதில்தான் ஓடுகிறது. "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கு வர வேண்டுமானால் என் வழியாக வாருங்கள்" என்று ஒவ்வொரு நிறுவனமும் அறிவிக்கும். பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டு, அடுத்தவருக்குச் சொல்வார்.

ரவுட்டர் என்பது ஒரு கம்ப்யூட்டர்

நான் இன்ஜினியரிங் படித்தபோது எங்கள் கல்லூரி லேபில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தன. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். பார்வையாளர் யாராவது வந்தால் காட்டுவதற்கு. விலை அதிகம், கெட்டுவிட்டால் யார் பொறுப்பு என்பது அவர்கள் கவலை. நாங்கள் நோட்டில் படம் வரைந்து ரவுட்டிங் படித்தோம்.

இறுதி ஆண்டில், 2018ல், ஒரு சீனியர் அண்ணன் சொன்ன விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. "ரவுட்டர்னா என்னடா? ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு மூணு நெட்வொர்க் கார்டு, ஒரு சாப்ட்வேர். அந்த சாப்ட்வேர் சும்மாவே கிடைக்குது" என்றார். அவர் சொன்ன சாப்ட்வேரின் பெயர் குவாகா. பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்று அதன் கதையைத் தேடினேன்.

வரிக்குதிரையின் வம்சம்

1996ல் ஜப்பானைச் சேர்ந்த குனிஹிரோ இஷிகுரோ என்பவர் ரவுட்டிங் சாப்ட்வேர் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதற்கு ஜீப்ரா, அதாவது வரிக்குதிரை என்று பெயர் வைத்தார். லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களில் இது இயங்கும். அதன் அமைப்பு புதுமையாக இருந்தது. எல்லா வேலையையும் ஒரே பெரிய புரோகிராமில் திணிக்காமல், ரிப் புரோட்டோகாலுக்கு ஒரு புரோகிராம், ஓ.எஸ்.பி.எப்.க்கு ஒன்று, பி.ஜி.பி.க்கு ஒன்று என்று பிரித்து எழுதினார். அவை எல்லாம் தாங்கள் கண்டுபிடித்த வழிகளை நடுவில் உள்ள ஜீப்ரா என்ற புரோகிராமிடம் சொல்லும். அது நல்ல வழியைத் தேர்ந்தெடுத்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பட்டியலில் எழுதும். இதனால் ஒரு புரோகிராம் முடங்கினால் மற்றவை தொடர்ந்து ஓடும்.

ஜீப்ராவை அவர் ஜி.பி.எல். என்ற உரிமத்தில் வெளியிட்டார். இந்த உரிமம் என்ன சொல்கிறது? யார் வேண்டுமானாலும் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். அதன் மூல வரிகளைப் படிக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் மாற்றியதைக் கொடுக்கும்போது மூல வரிகளையும் சேர்த்து, இதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும்.

1999ல் இஷிகுரோ தன் நண்பருடன் சேர்ந்து ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். இலவச ஜீப்ராவில் வேலை மெதுவாகி, 2005க்குப் பிறகு நின்றுபோனது. விலை கொடுத்து வாங்கும் சாதாரண சாப்ட்வேராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மூல வரிகள் எல்லோர் கையிலும் இருந்தனவே! அதற்கு முன்பே, 2003ல், ஜீப்ராவைப் பயன்படுத்திவந்த சிலர் அதைப் பிரதியெடுத்துத் தாங்களே வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் குவாகா.

குவாகா என்பது தென் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு வகை வரிக்குதிரை. முன் பாதியில் மட்டும் வரிகள் இருக்கும், பின் பாதி பழுப்பு நிறம். வேட்டையாடியே அழித்துவிட்டார்கள். கடைசிக் குவாகா 1883ல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் இறந்தது. அழிந்துபோன வரிக்குதிரையின் பெயரை உயிரோடு இருக்கும் சாப்ட்வேருக்கு வைத்தார்கள்.

நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் குவாகாவும் ஓய்ந்துகொண்டிருந்தது. திருத்தங்களைச் சேர்ப்பதில் தாமதம் என்று பலருக்கு வருத்தம். 2018 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. ஆனால் 2016லேயே அதில் வேலை செய்த சிலர் மீண்டும் ஒரு பிரதி எடுத்துப் பிரிந்திருந்தார்கள். 2017 ஏப்ரலில் லினக்ஸ் பவுண்டேஷன் அமைப்பின் கீழ் அது அறிவிக்கப்பட்டது. பெயர் எப்.ஆர்.ரவுட்டிங், சுருக்கமாக எப்.ஆர்.ஆர். கூண்டில் அடைக்காமல் மேய விட்டு வளர்க்கும் கால்நடைகளை ஆங்கிலத்தில் ப்ரீ ரேஞ்ச் என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர் இது.

இன்றும் எப்.ஆர்.ஆர். சாப்ட்வேருக்குள் நடுவில் உட்கார்ந்து பட்டியல் எழுதும் புரோகிராமின் பெயர் ஜீப்ராதான். 1996ல் வைத்த பெயர் மாறவில்லை.

என் லேப்டாப்பில் நான்கு ஊர்கள்

என்னிடம் இருந்தது 4 ஜிபி மெமரி கொண்ட பழைய லேப்டாப். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கற்பனைக் கம்ப்யூட்டர்களை ஓட்ட அது உதவும். ஒவ்வொன்றுக்கும் 256 எம்பி மெமரி கொடுத்து நான்கு லினக்ஸ் கம்ப்யூட்டர்களை உருவாக்கினேன். சென்னை, திருச்சி, சேலம், மதுரை என்று பெயர் வைத்தேன். சென்னையிலிருந்து மதுரைக்குத் திருச்சி வழியாகவும் போகலாம், சேலம் வழியாகவும் போகலாம். சேலம் வழிக்குச் செலவு அதிகம் என்று ஓ.எஸ்.பி.எப்.க்குச் சொல்லி வைத்தேன்.

இரண்டு இரவுகள் ஒன்றும் நடக்கவில்லை. பட்டியல் எல்லாம் சரியாக வந்துவிட்டது, தகவல் மட்டும் போகவில்லை. லினக்ஸில் "உனக்கு வராத பாக்கெட்டை அடுத்தவருக்கு அனுப்பு" என்று தனியாக ஒரு செட்டிங் உண்டு. அது இயல்பாக அணைந்திருக்கும். அதைப் போட மறந்திருந்தேன். போட்டதும் மதுரை பதில் சொல்லத் தொடங்கியது.

பிறகு, ஓடிக்கொண்டிருந்த திருச்சியை அப்படியே அணைத்தேன். பதில் நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 38வது விநாடியில் மதுரை மீண்டும் பேசியது. இந்த முறை சேலம் வழியாக. நான் எதையும் தொடவில்லை. புத்தகத்தில் 40 விநாடி என்று படித்தது அன்றுதான் புரிந்தது.

சில மாதங்களில், குவாகா நின்றுபோகப் போகிறது, எப்.ஆர்.ஆர். போட்டுக்கொள் என்று அண்ணன் சொன்னார். கற்றது எல்லாம் வீணா என்று பயந்தேன். ஒரே மாலையில் மாற்றி முடித்துவிட்டேன். கட்டளைகள் ஏறக்குறைய அவையே.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் "ரவுட்டரைத் தொட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை சார். ஆனால் நான்கு ரவுட்டர் இந்த லேப்டாப்பில் இருக்கின்றன" என்றேன். திறந்து காட்டச் சொன்னார்கள். திருச்சியை அணைத்துக் காட்டினேன். அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் வந்தது.

யூடியூப் காணாமல் போன நாள்

இந்த சாப்ட்வேர்கள் எவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கின்றன என்பதற்கு ஒரு உதாரணம். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூப் தளத்தைத் தடை செய்ய உத்தரவு வந்தது. பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், யூடியூப் முகவரிகளுக்கு ஒரு பொய் வழியை பி.ஜி.பி.யில் அறிவித்தது. நாட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்துவிட்டது. அதற்கு இணைப்பு தந்த வெளிநாட்டு நிறுவனம் சரிபார்க்காமல் உலகத்துக்கே சொல்லிவிட்டது.

யூடியூப் தன் 1,024 முகவரிகளை ஒரே தொகுப்பாக அறிவித்திருந்தது. பாகிஸ்தானிலிருந்து வந்த அறிவிப்போ அதற்குள் உள்ள 256 முகவரிகளை மட்டும் குறிப்பிட்டது. இரண்டு அறிவிப்பு இருந்தால், குறிப்பாகச் சொல்வதையே ரவுட்டர் நம்பும். இது விதி. மயிலாப்பூர் என்று மட்டும் எழுதிய பலகையைவிட, மயிலாப்பூர் வடக்கு மாட வீதி என்று எழுதிய பலகையை நாம் நம்புவது போல. உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை.

இதை என் நான்கு ஊர்களை வைத்துச் செய்து பார்த்தேன். மதுரை 1,024 முகவரிகளை அறிவித்தது. சேலத்தில் ஒரே ஒரு வரி டைப் செய்து, அவற்றில் 256 என்னுடையவை என்று அறிவித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் சென்னையிலிருந்து அந்த 256 முகவரிகளுக்குப் போக வேண்டியதெல்லாம் சேலத்தில் போய் விழுந்தது. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. லேப்டாப் என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இப்போது இதற்கு மருந்து இருக்கிறது. ஆர்.பி.கே.ஐ. என்ற முறையில், எந்த முகவரியை அறிவிக்க யாருக்கு உரிமை என்று டிஜிட்டல் சான்று கொடுக்கிறார்கள். ரவுட்டர் அந்தச் சான்றைப் பார்த்து, பொருந்தாத அறிவிப்பைத் தள்ளிவிடலாம். எப்.ஆர்.ஆர். இதைச் செய்யும். பேர்ட் என்ற இன்னொரு இலவச சாப்ட்வேரும் செய்யும். பேர்ட், செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது. இன்று பல நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் சந்திக்கும் பெரிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சுகளில், ஜெர்மனியின் டி-சிக்ஸ் உட்பட, அது வேலை செய்கிறது.

இலவசம் என்றால் குறை இல்லாததா?

குறைகள் உண்டு. 2019 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு சோதனைக்காக, விதிப்படி சரியான, ஆனால் யாரும் அதுவரை பயன்படுத்தாத ஒரு குறிப்பை பி.ஜி.பி. செய்தியில் சேர்த்து அனுப்பினார்கள். அதைப் பார்த்துக் குழம்பிய எப்.ஆர்.ஆர். ரவுட்டர்கள் பக்கத்து ரவுட்டர்களுடன் பேச்சைத் துண்டித்துக்கொண்டன. சோதனை நிறுத்தப்பட்டது. என்ன தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் ஆராய்ந்து, அப்போது புழக்கத்தில் இருந்த நான்கு பதிப்பு வரிசைகளுக்கும் திருத்தம் வெளியிட்டார்கள். எந்த வரியில் தவறு, அதை எப்படி மாற்றினார்கள் என்பதை இன்றும் யாரும் படித்துப் பார்க்கலாம். எந்தத் தரப்பிலும் தவறு வரும். இங்கே அதை மறைக்க முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் இன்டர்நெட் பார்க்க எப்.ஆர்.ஆர். தேவையில்லை. உங்கள் பெட்டிக்கு ஒரு வழிதான். அதற்கு 0.0.0.0 வரியே போதும். ஆனால் உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால், நெட்வொர்க் வேலைக்குப் போக ஆசை இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ், டெபியன் லினக்ஸ், எப்.ஆர்.ஆர். ஆகிய மூன்றையும் டவுன்லோட் செய்யச் சொல்லுங்கள். மூன்றுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. எப்.ஆர்.ஆர். நிறுவியதும் டீமன்ஸ் என்ற பைலைத் திறந்து, தேவையான புரோட்டோகாலுக்கு எதிரே நோ என்று இருப்பதை யெஸ் என்று மாற்ற வேண்டும். பிறகு லினக்ஸில் பாக்கெட்டை அடுத்தவருக்கு அனுப்பும் அந்தச் செட்டிங்கைப் போட மறக்க வேண்டாம். எனக்குப் போன இரண்டு இரவுகள் உங்களுக்கும் போக வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சோதனைகளைக் கற்பனைக் கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் செய்து பார்க்க வேண்டாம். தவறான ஒரு வரி என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

சென்ற வருடம் கல்லூரிக்குப் போயிருந்தேன். அந்த இரண்டு ரவுட்டர்களும் அதே கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. அவற்றைத் தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்குத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டதாம். உள்ளே இருக்கும் சாப்ட்வேரை வேறு யாரும் தொட முடியாது. எதிரே இருந்த லேப் கம்ப்யூட்டர்களில் இரண்டில் எப்.ஆர்.ஆர். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மாணவர்கள் அவற்றுக்கு விழுப்புரம், திண்டுக்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.